தோல் நாறிய ஊர்

கிராஸ் என்கிற ஊருக்கு 2019 செப்டம்பரில் போயிருந்தேன். பிரான்ஸின் தென்கிழக்கு மூலையில், கான் நகரத்துக் கடற்கரையிலிருந்து 15 கிலோமீட்டர் தாண்டி, மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிற ஊர். சனத்தொகை 50,000 பக்கம். நம் கணக்கில் ஒரு சின்ன நகராட்சி. ஆனால் 'உலகத்தின் வாசனைத் தலைநகரம்' என்று பட்டம். 2018-ல் யுனெஸ்கோ இந்த வட்டாரத்தின் வாசனைத் தொழில் அறிவை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வம் என்று பட்டியலில் சேர்த்தது. அதனால் நான் போன சமயம் ஊரே கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தது.

என்னைக் கூட்டிப்போனவர் அம்மாவழி மாமா. பாகூர்ப் பக்கம் பிறந்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, ஃபிரெஜுஸில் ஓய்வு பெற்று அங்கேயே தங்கிவிட்ட 'சொல்தா'. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கதை தெரியும். 1881-ல் வந்த ஆணைப்படி, பிறப்புவழிச் சட்டத்தைக் கைவிடுகிறேன் என்று எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரலாம், கூடவே ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். நம் சனங்களில் பலர் அப்படி எழுதிக்கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாத ஒரு பெயர் கிடைக்கிறதென்றால் யாருக்குத்தான் கசக்கும்? மாமாவின் கொள்ளுத்தாத்தா அப்படிப் பெயர் வாங்கினவர்.

"சென்ட் ஊருடா மருமவனே. ஒரு சீசா வாங்கிக்கினு போயி உங்கம்மா கிட்ட குடு, சந்தோசப்படும்" என்றார் மாமா ரயிலில்.

ரயிலடி கீழே இருக்கிறது, ஊர் மேலே. மூச்சிரைக்க ஏறிப் பழைய ஊரின் சந்துகளுக்குள் நுழைந்தால் சோப்புக் கடை, சென்ட் கடை, மறுபடி சோப்புக் கடை. அதற்குள்ளே ஒரு சதுக்கம். பேர் பிளாஸ் ஓ ஸேர். நடுவில் அடுக்கடுக்காய் நீரூற்று, சுற்றிலும் வளைவுத் தாழ்வாரங்கள், குடைக்குக் கீழே காப்பி குடிக்கிற சனங்கள். மாமா அங்கிருந்த பலகையைப் பிரெஞ்சில் முணுமுணுத்துப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"டேய், இது தோல் பதப்படுத்தின எடமாம்டா. ஒங்கப்பன் வேலை."

நான் காப்பியை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் அந்தப் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

என் அப்பா பாலாற்றங்கரையில் தோல் ஷாப்பில் 31 வருஷம் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக் குழி, முடி இறக்குவது, சவ்வு எடுப்பது, பட்டைத் தொட்டி என்று எல்லாம் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் லைஃபாய் சோப்பைக் கரையக் கரையத் தேய்ப்பார். போகாது. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் பின்படிக்கட்டிலேயே நின்று வருவார். ஏம்பா என்று ஒருநாள் கேட்டதற்கு, காத்து வருது என்றார். நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார், ஷாப்புக்காரன் புள்ளைங்கல்லாம் சன்னலோரம் உக்காருங்கடா என்பார். என் சட்டையில் தோல் வாடை இருந்திருக்க நியாயமே இல்லை, நான் ஷாப்புக்குள்ளே போனதேயில்லை. வாத்தியாருக்கு வாடை அடித்தது. அதே தோலை ஏற்றுமதி பண்ணிக் காசு பார்த்த முதலாளி வீட்டுப் பையனும் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். அவன் முதல் பெஞ்சு.

இதைச் சொல்லாமல் கிராஸ் கதையைச் சொல்ல எனக்கு வராது. இனி அந்த ஊர்.

12-ம் நூற்றாண்டிலேயே கிராஸ் தோல் ஊர். காரணம் தண்ணீர். லா ஃபூ என்கிற ஊற்று மலையிலிருந்து வற்றாமல் வந்தது. அதை வாய்க்கால் வெட்டி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். தோல் வேலைக்குத் தண்ணீர்தான் முதல். ஊறவைக்க, சுண்ணாம்பு கழுவ, மறுபடி ஊறவைக்க என்று ஒவ்வொரு படிக்கும் குடம்குடமாய்த் தண்ணீர் வேண்டும். நம் ஷாப்புகள் பாலாற்றங்கரையில் குந்தினதும் இதற்குத்தான். கிராஸ்காரர்கள் ஜெனோவா, பீசா என்கிற இத்தாலியத் துறைமுகங்களோடு வியாபாரம் பண்ணினார்கள். நம் பக்கம் ஆவாரம்பட்டை, கடுக்காய் என்றால் அவர்கள் பக்கம் மிர்ட்டில் என்கிற குத்துச்செடியின் இலையைப் பொடித்துப் போட்டார்கள். அதனால் கிராஸ் தோலுக்கு ஒரு பச்சைச் சாயல் இருந்ததாம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் தோலை மெதுவாக்க நாய்ப் பீயையும் புறாப் பீயையும் கரைத்த தண்ணீரில் ஊறப்போடுவது வழக்கம். ஊர் எப்படி நாறியிருக்கும் என்று ஷாப்புத்தெருவில் பிறந்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்பேர்ப்பட்ட வேலை ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறத்தில் நடக்கவில்லை, நடுச் சதுக்கத்தில் நடந்திருக்கிறது. இன்றைக்குக் காப்பிக் கடைகள் இருக்கிற அதே இடம்.

16-ம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து ஒரு மோஸ்தர் வந்தது, வாசனை பூசிய தோல் கையுறை. கத்தரீன் தெ மெதிசி ராணி போட்டு வந்ததால் பரவியது என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள். வழிகாட்டிகளுக்கு எப்போதும் ஒரு ராணி வேண்டும். ராணி இல்லாவிட்டாலும் காரணம் விளங்குகிறது. பதப்படுத்தின தோலில் வாடை மிச்சமிருக்கும், அதைப் போட்ட கை மூக்குக்குக் கிட்ட வரும். ஆகவே ரோஜா, மல்லிகை, ஆரஞ்சுப் பூ என்று எதையாவது ஏற்றித்தான் விற்றாக வேண்டும். இப்படித்தான் தோல்காரன் கையுறைக்காரன் ஆனான், கையுறைக்காரன் வாசனைக்காரன் ஆனான். 1614-ல் பாரிஸ் கையுறைக்காரர்கள் தங்களைக் 'கையுறை–வாசனை எசமானர்கள்' என்று போட்டுக்கொள்ள அரசனிடம் அனுமதி வாங்கினார்கள். கிராஸிலே 1720-களில் கையுறை–வாசனைக்காரர்கள் தோல்காரர்களிடமிருந்து பிரிந்து தங்களுக்கென்று தனி விதிகளோடு சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1759-ல் அரசு தோல் மேல் கனத்த வரி போட்டது. போட்டியும் சேர்ந்துகொண்டது. தோல் நொடித்துப்போனது, வாசனை நின்றது. நூறு நூற்றைம்பது வருஷத்தில் ஒரு ஊரே பேர் மாற்றிக்கொண்டது.

அந்தச் சதுக்கத்தில் ஒரு மாளிகை இருக்கிறது, பூவேலை செய்த இரும்புப் பலகணியோடு. 1781-ல் இஸ்னார் என்கிற பணக்காரத் தோல்காரர் கட்டியது. அதே பேருள்ள, இதே ஊரில் பிறந்த வாசனை வியாபாரி மாக்சிமேன் இஸ்னார், 1793 மே மாதத்தில், புரட்சிக்காலத்து தேசிய மாநாட்டுக்கே தலைவராக உட்கார்ந்தார். இன்னொருத்தர், ஓவியர் ஃபிராகோனார். 1732-ல் இங்கே ஒரு கையுறைக்காரர் வீட்டில் பிறந்தவர். பிரபு வீட்டுச் சீமாட்டிகள் ஊஞ்சல் ஆடுவதைப் படம் போட்டுப் பேர் வாங்கினார். 1926-ல் தொடங்கின ஒரு சென்ட் கம்பெனி அவர் பேரைத் தூக்கி வைத்துக்கொண்டது. அவருக்கும் சென்ட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மாமாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். "தோல்காரன் வூட்டுப் புள்ள ராசா வூட்டு மாளிகைக்குள்ள பூந்து படம் வரைஞ்சிருக்கான்" என்றார். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

எனக்கும்தான். ஆனால் இங்கே நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மேலே போனது யார்? எசமான் தோல்காரன். சொந்தத் தொட்டி, சொந்தச் சங்கம், நகரசபையில் பேச்சு உள்ளவன். குழியில் இறங்கின கூலிக்காரனின் பேரில் அங்கே மாளிகை கிடையாது. சங்கங்களும் லேசுப்பட்டவை அல்ல, எசமான் மகனுக்குச் சலுகை, வெளியாளுக்குத் தடை. 1791-ல் புரட்சிச் சட்டம் அந்தச் சங்கங்களைக் கலைத்தது. அந்த இடம்தான் முக்கியம். ஒரு சட்டத்தால் கலைக்க முடிகிற கட்டாக அது இருந்தது. குழியில் இறங்கினவன் ஏழைதான், நாறினவன்தான். அவன் பேரன் வேறு வேலைக்குப் போனால், தாத்தாவின் நாற்றத்தை அவன் சட்டையில் மோந்துபார்க்க வாத்தியார் இல்லை. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலைக்காரர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936-லேயே விளக்கிவிட்டார். கிராஸில் நின்றபோது அந்த வாதம் எனக்கு மூக்கு வழியாகப் புரிந்தது.

அப்படியானால் வெள்ளைக்காரன் தேசத்தில் தீண்டாமையே இருந்ததில்லை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அதே பிரான்ஸின் தென்மேற்கில், பிரனே மலையடிவாரத்தில், காகோக்கள் என்று ஒரு சனம் இருந்தது. பல நூற்றாண்டு காலம் ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பு. கோவிலுக்குள் நுழையத் தனி வாசல், குனிந்துதான் நுழைய வேண்டும். புனித நீருக்குத் தனித் தொட்டி, சில இடத்தில் குச்சி நுனியில் நீட்டிக் கொடுப்பார்கள். தனி இடுகாடு. சட்டையில் சிவப்புத் துணியில் வாத்துக்கால் அடையாளம். ஊரார் அவர்களோடு கல்யாணம் பண்ண மாட்டார்கள். படிக்கும்போது எனக்கு உடம்பு கூசியது, ஏதோ நம்ம தாலுகாவைப் பற்றி எழுதின மாதிரி. 1847-ல் ஃபிரான்சிஸ்க் மிஷேல் இவர்களைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். இந்தக் காகோக்களுக்கு விதிக்கப்பட்ட தொழில் எது? தோலா? இல்லை. மரவேலை. தச்சர்கள், பீப்பாய் செய்கிறவர்கள். எந்தக் கோவில் தங்களைக் குனியவைத்ததோ அந்தக் கோவில்களுக்கே கூரை மரம் இழைத்துக் கொடுத்தவர்கள். இழைத்த மரத்துக்கு இருப்பது நல்ல வாசனை. ஆனாலும் காகோக்கள் உடம்பில் துர்நாற்றம் அடிக்கிறது என்று ஊரார் சொன்னார்கள், எழுதியும் வைத்தார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிராஸ் தோல்காரன் மெய்யாகவே நாறினான், அவன் பேரன் வாசனை வியாபாரி. காகோத் தச்சன் நாறவேயில்லை, அவன் பேரனுக்கும் நாற்றப் பட்டம். தோல் நாறும், குழி நாறும், அது உண்மை. ஆனால் ஒரு சனம் நாறுகிறது என்று தீர்மானிப்பது அந்தக் குழி இல்லை. நம் பக்கம் இதைத் திருப்பிப் போட்டுச் சொல்லியே நம்ப வைத்துவிட்டார்கள்: அழுக்கு வேலை செய்ததால் ஒதுக்கப்பட்டார்கள், வேலையை விட்டால் சரியாகிவிடும் என்று. என் அப்பா வேலையை விட்டு 16 வருஷம் உயிரோடு இருந்தார். சரியாகவில்லை.

(ஒரு பக்கக் குறிப்பு. பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். பூ நாறும். பிற்பாடுதான் அந்தச் சொல் கீழே இறங்கியது. எப்போது இறங்கியது, யார் மேல் இறங்கியது என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் யாராவது எழுதினால் நல்லது.)

சதுக்கத்திலிருந்து நடந்து வாசனை அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1989-ல் திறந்தது. எகிப்துச் சீசா, ரோமச் சீசா, மரி அந்துவானெத் ராணியின் பிரயாணப் பெட்டி. அதில் எனக்கு ஈடுபாடு வரவில்லை. நான் நின்ற இடம் 'ஆன்ஃப்ளுராஜ்' என்கிற பழைய வேலைமுறையை விளக்குகிற இடம்.

மல்லிகையைக் கொதிக்கவைத்தால் அதன் வாசனை கெட்டுவிடும். ஆகவே கிராஸ்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். மரச்சட்டத்தில் கண்ணாடிப் பலகை. கண்ணாடி மேல் சுத்தம் பண்ணின கொழுப்பைக் கனமாகத் தடவுவது. அதன்மேல் அன்றைக்குப் பறித்த பூவை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடுக்குவது. பூ ஒருநாள் கிடந்து தன் வாசனையைக் கொழுப்புக்குக் கொடுத்துவிடும். மறுநாள் பழம்பூவைப் பொறுக்கியெடுத்துவிட்டுப் புதுப்பூ அடுக்க வேண்டும். இப்படியே வாரக்கணக்கில். 36 தடவை பூ மாற்றின கொழுப்புக்கு '36-ம் நம்பர்' என்றே பேர், அதுதான் உசத்தி. பிறகு அந்தக் கொழுப்பைச் சாராயத்தில் அலசி வாசனையைப் பிரிப்பார்கள். அடுக்கினது, பொறுக்கினது, தடவினது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். பழைய போட்டோக்களில் நீள மேசைகளுக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள்.

அது என்ன கொழுப்பு? பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் கலந்தது.

மாமா இதைப் படித்துச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன், பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. உலகத்திலேயே உசந்த மல்லிகை வாசனை பன்றிக் கொழுப்பிலும் மாட்டுக் கொழுப்பிலும் படுத்துக் கிடந்து வந்திருக்கிறது. இந்த இரண்டையும் தின்கிறவன் என்றுதானே நம்மைத் தெருவுக்கு வெளியே வைத்தான்? நம் ஊர்ப் பெரிய வீட்டுக் கல்யாணங்களில் தெளிக்கிற வெளிநாட்டு சென்ட்டின் பாட்டன் முப்பாட்டன் சீசாக்களுக்குள்ளே என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியுமா?

"அய்யரு வூட்டு கலியாணத்துல போயி சொல்லிப்பாரு" என்றார் மாமா.

1890-கள் வாக்கில் ரசாயனக் கரைப்பானில் வாசனையைப் பிரிக்கிற முறை கிராஸில் தொழிற்சாலை அளவுக்கு வந்தது. கொழுப்பு முறை மெல்ல ஓய்ந்தது. பூ மட்டும் வேண்டியிருந்தது. மல்லிகை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. விடிவதற்கு முன்னே தொடங்கி வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும். ஒரு கிலோவுக்கு 8,000 முதல் 10,000 பூ. கை பழகினவர்களே ஒரு மணி நேரத்தில் அரைக் கிலோதான் பறிக்க முடியும். சுத்தமான சாறு ஒரு கிலோ எடுக்க 600, 700 கிலோ பூ. பறித்தவர்கள் யார்? உள்ளூர்ப் பெண்கள் ஒரு பகுதி. பெருங்கூட்டம் இத்தாலியின் பியமோந்தி, கலாப்ரியா பக்கங்களிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள். கிலோக்கணக்கில் கூலி. சென்ட் செய்தவர் பேர் சீசாவில் இருக்கிறது. 1921-ல் வந்த 'ஷனெல் 5'-ஐக் கலந்தவர் எர்னெஸ்ட் போ என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குள் போன கிராஸ் மல்லிகையைக் குனிந்து பறித்தவள் பேர் கிடையாது.

கிராஸின் முதலாளிகள் உள்ளூரோடு நிற்கவுமில்லை. ஷிரிஸ் குடும்பத்துக் கம்பெனி 19-ம் நூற்றாண்டில் அல்ஜீரியாவில், புஃபாரிக் பக்கம், வாசனைச் செடித் தோட்டங்களே போட்டது. காலனி நிலம், காலனிக் கூலி. பிறகு வந்த காலத்தில், அந்தக் கரையிலிருந்து சனங்கள் இந்தக் கரைக்கு வேலை தேடி வந்தார்கள். அவர்கள் எங்கே தங்கினார்கள் தெரியுமா? பழைய ஊரின் இருட்டுச் சந்துகளில். வசதி வந்தவர்கள் காலிபண்ணிவிட்டுப் போன இடிசல் வீடுகளில்.

அங்கேதான் 1973 ஜூன் மாதம் அது நடந்தது. இதை எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை. மாமாவுக்குத் தெரிந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது, பிறகு தேடிப் படித்தேன். 1972-ல் ஓர் அரசாணை வந்தது. வேலை ஒப்பந்தமும் முறையான வீடும் காட்டினால்தான் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இருப்புரிமைச் சீட்டு. கட்டட வேலையிலும் தோட்ட வேலையிலும் இருந்த துனிசியர்கள் நிறையப் பேருக்குச் சீட்டு இல்லை. முதலாளி எழுதிக் கொடுக்க மாட்டான், எழுதிக் கொடுத்தால் முழுக்கூலி கொடுக்க வேண்டும். ஜூன் 12-ம் தேதி அவர்கள் வேலைநிறுத்தம் செய்து, சீட்டு வேண்டும், மனுசன் குடியிருக்கிற மாதிரி வீடு வேண்டும் என்று நகரசபை முன்னால் திரண்டார்கள். நகரசபை இருப்பது பழைய பிஷப் மாளிகையில். நகர நிர்வாகம் தீயணைப்புக் குழாயைத் திருப்பிவிட்டு அவர்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்சியது. பிறகு போலீஸ் தடியடி. அதோடு முடியவில்லை. பழைய ஊரின் சந்துகளுக்குள் துரத்தித் துரத்தி அடித்தார்கள். ஊர்க்காரர்கள், கடைக்காரர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் மார்செய் பக்கம் அரபு மனிதர்கள் வரிசையாகக் கொல்லப்பட்டார்கள். செப்டம்பரில் அல்ஜீரிய அரசு தன் ஆட்களை பிரான்ஸுக்கு அனுப்புவதையே நிறுத்தியது.

எந்தத் தோல்காரன் ஒருகாலத்தில் நாறினானோ, அவன் ஊர்ச் சந்திலே, அவனுடைய வாரிசுகளான வாசனை ஊர்க்காரர்கள், இன்னொரு சனத்தைப் பீய்ச்சிக் கழுவினார்கள்.

"நான் அப்ப பட்டாளத்துல இருந்தேன்" என்றார் மாமா. "யூனிஃபார்ம் போட்டிருந்தா சல்யூட்டு. கழட்டிட்டு கடத்தெருவுக்குப் போனா அராபுன்னு நெனச்சி காயிதம் கேப்பானுங்க. மூணு தடவ நிறுத்துனானுங்க என்னை. ஒருத்தன் மூக்க மூடிக்கினான். நான் அன்னைக்கு பவுடரு போட்டு வந்திருந்தேன்டா, பாண்ட்ஸ் பவுடரு."

மூக்கை மூடிக்கொள்வது தெருப்பையன் வேலை என்று நினைக்க வேண்டாம். 1991 ஜூனில் ஒர்லேயான் நகரத்து விருந்துக் கூட்டத்தில் ழாக் ஷிராக், அப்போது பாரிஸ் மேயர், பெரிய தலைவர், குடியேறிகள் வீட்டிலிருந்து வருகிற சத்தத்தையும் வாடையையும் பற்றிப் பேசினார். பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுத் தொழிலாளி பாவம் பைத்தியமாகிவிடுவான் என்கிற தொனியில். கூட்டம் சிரித்தது. 1995-ல் அவர் குடியரசுத் தலைவர். 18, 19-ம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு மேல்தட்டு எப்படி மெல்ல மெல்லத் தன் உடம்பின் வாடையைத் துடைத்து ஏழைகளின் உடம்பில் பூசியது என்று அலேன் கோர்பேன் 1982-ல் ஒரு நூலே எழுதினார். படிக்கிற தோழர்கள் ஆங்கிலத்தில் கிடைப்பதைத் தேடிப் படிக்கலாம். அந்த நூலில் நம்ம தெரு இல்லை. ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் நம்ம தெரு வழியாகத்தான் நான் நடந்தேன்.

இன்னொரு சங்கதி. கிராஸ் வட்டாரத்தில் 1940-களில் வருஷத்துக்கு 5,000 டன் பூ விளைந்தது என்பது வழக்கமாகச் சொல்கிற கணக்கு. 2000-களின் தொடக்கத்தில் 30 டன் கூட இல்லை. பூங்கொல்லை எல்லாம் பணக்காரர்களின் கோடை மாளிகைகளாகிவிட்டன. செயற்கை வாசனை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மலிவான கூலியில் எகிப்து, மொராக்கோ, இந்தியா. இந்தியா என்றால் இந்த விஷயத்தில் பெரும்பாலும் தமிழ்நாடு. கிராஸ் மல்லிகை என்று அவர்கள் கொண்டாடுகிற செடி எது என்று அருங்காட்சியகத்தின் தோட்டப் படத்தில் உற்றுப் பார்த்தேன். அஞ்சு இதழ், அடியில் இளஞ்சிவப்பு. நம்ம பிச்சி. ஜாதிமல்லி என்றும் சொல்வோம். பூவுக்குக்கூட ஜாதி வைத்துத்தான் கூப்பிடுகிறோம். நம் மேற்கு மாவட்டங்களில் இதையும் குண்டுமல்லியையும் பறித்து, கரைப்பானில் போட்டு, மெழுகு மாதிரி எடுத்து, டின்னில் அடைத்து பிரான்ஸுக்கு அனுப்புகிறார்கள். விடியுமுன்னே பறிக்கிறவர்கள் நம் பெண்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கலாப்ரியாவிலிருந்து போனவளுக்குக் கிடைத்த அதே கணக்கு.

தோலும் அப்படித்தான் இடம் மாறியது. ஐரோப்பா தன் ஆற்றங்கரைகளைச் சுத்தம் பண்ணிக்கொண்டபோது குழிகள் நம் ஆற்றங்கரைகளில் பெருகின. பாலாறு கெட்டது பற்றி வேலூர் மக்கள் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்துகிறவன் நட்ட ஈடு கொடுக்க வேண்டும் என்கிற கொள்கையை நிலைநாட்டிய தீர்ப்பு என்று சட்டக் கல்லூரிகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதில் தண்ணீர் உண்டு, நிலம் உண்டு, கிணறு உண்டு. தோல் வேலை செய்தவன் மேல் பூசின நாற்றத்துக்கு நட்ட ஈடு என்று ஒரு வழக்கு இன்னும் யாரும் போடவில்லை.

யுனெஸ்கோ பட்டியலில் கிராஸுக்குக் கொடுத்த தலைப்பு மூன்று விஷயங்களைச் சொல்கிறது: வாசனைச் செடி வளர்ப்பு, இயற்கை மூலப்பொருளைப் பக்குவப்படுத்தும் அறிவு, வாசனை கலக்கும் கலை. தோல் இல்லை. ஊரைத் தூக்கிவிட்டது தோல். பாரம்பரியம் என்கிற கணக்கு எழுதும்போது அது தலைப்பில் நிற்கவில்லை. ஆனாலும் சதுக்கத்தில் ஒரு பலகையாவது வைத்திருக்கிறான். என் அப்பா இறங்கின குழியை மூடி மண் போட்டு, மேலே மனைப்பிரிவு வந்துவிட்டது. மனைக்கு நல்ல விலை. அங்கே பலகை கிடையாது.

சென்ட் வாங்கவில்லை. மாமா ஒரு லாவண்டர் சோப்பு வாங்கி அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினார்.

ஊருக்கு வந்து, அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்களைத் தேடினேன். நாலு பேர். மூத்தவருக்கு 83 வயசு. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பச்சைத் தோல் வண்டி எந்தக் கிழமை வரும், உப்பைத் தட்டுவது எப்படி, எந்தத் தொட்டிக்கு எத்தனை கூடை பட்டை, யாருக்கு எத்தனை ரூபாய் வாரக்கூலி, யார் கையில் எந்த விரல் சுண்ணாம்பு தின்று போனது. பெரியவர் முதல்நாள் சொன்னது: "குழியில எறங்கறதுக்கு முன்னாடி காலுக்கு எண்ண பூசிக்குவோம் தம்பி. ஒங்கப்பன் மட்டும் பூச மாட்டான். எண்ண வாங்கற காசுக்கு ஒனக்கு நோட்டு வாங்கணும்பான்."